தூத்துக்குடிக்கு ஒரு ஷாக் அப்சார்பர்

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து, அதன் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக உள்ளே இருந்ததை உற்றுப் பார்த்தார். கறுப்பாக, உருளையாக, இரண்டு முனையிலும் ஓட்டையோடு இருக்கும் எந்தப் பொருளும் விமான நிலையத்தில் நல்ல பெயர் வாங்குவதில்லை.

"என்னம்மா இது?"

"சைக்கிளுக்குப் போடுற ஷாக் அப்சார்பர் சார். பின்பக்கத்துக்கு."

"சைக்கிளுக்கு எதுக்கு ஷாக் அப்சார்பர்?"

நான் மலேசியாவில், ஈப்போவில், ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களின் ஷாக்குகளைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுவது என் பிழைப்பு. யாராவது கேட்டால் விளக்காமல் இருக்க முடியாது. "மலையிலேர்ந்து இறங்கும்போது பின் சக்கரம் வேர் மேலயும் கல்லு மேலயும் ஏறும் இல்லயா, அப்ப அந்த அதிர்ச்சி..."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"தூத்துக்குடி."

அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு விளாத்திகுளம்," என்றார். உடனே பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "சார், இங்கன வாங்க. இந்தம்மா தூத்துக்குடியில மலையிலேர்ந்து இறங்கப் போறாங்களாம்."

இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு பெட்டி என் கைக்கு வந்தது.

பேருந்தில் கடைசி வரிசைதான் காலியாக இருந்தது. பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் இருக்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமலில்லை. கண்டக்டரும் எச்சரித்தார்: "யம்மா, பின்னால தூக்கிப் போடும், முன்னால யாரும் எறங்குனா மாறிக்கிடுங்க." யாரும் இறங்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் தலை கூரையை விசாரித்துவிட்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் மட்டும் ஒரு கையால் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கினார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பேருந்தில் வேலை செய்யும் நிலையில் இருந்த ஒரே ஷாக் அப்சார்பர் அதுதான்.

அதைக் கொண்டுபோனது என் தோழி டெல்மாவுக்கு. ஈப்போவில் நர்ஸாக வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து சுண்ணாம்பு மலைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோம். ஒருநாள் ஒரு நோயாளியைக் கட்டிலில் ஏற்றும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்த இடுப்பு விடவேயில்லை. பிறகு கல்யாணம், சொந்த ஊர். கணவர் கப்பலில் இன்ஜினியர், பாதி வருடம் கடலில். வீட்டில் மாமியாரும் நாத்தனாரும். "சைக்கிள் ஓட்டலாம், ஆனா குலுங்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பெங்களூரிலிருந்து பின் ஷாக் உள்ள மலைச் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினாள். உப்பளத்துச் சாலைகளில் தினமும் காலையில் ஓட்டினாள். ஒரு வருடத்துக்கு முன் அந்த ஷாக் போனது. சைக்கிள் ஹாலில் நின்றது.

"கலா, காலையில அந்த ஒரு மணி நேரம் மட்டுந்தான் எனக்குன்னு இருந்துச்சு," என்று போனில் சொன்னாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். என் முதலாளி சீனர், நல்ல மனிதர். கடையில் இருந்த ஷாக்கை எடுத்துக் கொடுத்து மலாயில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பொருந்தவில்லை என்றால் கொண்டு வா, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியின் முத்திரை உடைந்திருந்தால் அது உன்னுடையது."

தூத்துக்குடியில் நான் போய் இறங்கியது வியாழக்கிழமை மத்தியானம். டெல்மாவின் மாமியார் பிலோமினா அம்மா வாசலிலேயே என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"மெக்கானிக்கு எங்க?" என்றார்.

"நான்தான் மா."

"நீயா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, சாப்ட்டியாளா?"

"வர்ற வழியில சாப்பிட்டேன் லா."

"அது என்னது லா? நாங்க ளாங்கோம், நீ லாங்க."

அங்கே பெண்ணைக் கூப்பிட ளா, எங்கள் மலேசியாவில் எந்த வாக்கியத்துக்கும் வால் லா. மொழி ஆராய்ச்சி அதோடு முடிந்து சாப்பாடு வந்தது. சீலா மீன் குழம்பு, பொரித்த சீலா, ரசம், அதன் பிறகு மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்து இவ்வளவு லேசாக ஒரு பொருள் ஆகிவிடும் என்று நான் நினைத்ததில்லை. வாயில் போட்டதும் இருந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அதைத் தீர்க்க இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கிறது.

ஹாலில் சைக்கிள் நின்றது. சரியாகச் சொன்னால், உட்கார்ந்திருந்தது. முன் பக்கம் நிமிர்ந்து, பின் பக்கம் தரையை நோக்கி அமிழ்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாடு மாதிரி. ஹேண்டில்பாரில் ஒரு துண்டும் இரண்டு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன.

"ஓடாத வண்டிக்கி ஹால் எதுக்குளா?" என்றார் பிலோமினா அம்மா. "பழைய இரும்புக்கட அண்ணாச்சிய வரச் சொன்னேன். தூக்கிப் பாத்தாரு. 'இது பிளாஸ்டிக்குமா, எனக்கு வேண்டாம்'னுட்டுப் போயிட்டாரு."

"அது பிளாஸ்டிக் இல்ல மாமி, கார்பன்," என்றாள் டெல்மா.

"அவரே வேண்டாங்காரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரின்சிக்கி நிச்சயதார்த்தம். மாப்பிள வீட்டுக்காரங்க இந்த ஹால்லதான் உக்காரணும். அதுக்குள்ள ஓடலன்னா காலம்பற பூசை முடிஞ்சு மாதா கோயில் ஏலத்துல விட்டிருவேன். ஆடு கோழியோட சேத்து அதுவும் போவட்டும்."

ரின்சிதான் நாத்தனார். தன் பெயர் வந்ததும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறைந்தாள்.

நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷாக் முழுதாக அமுங்கிக் கிடந்தது.

"டெல்மா, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளந்து அனுப்பினியே, எப்ப அளந்த?"

ஷாக்கின் இரண்டு முனையிலும் உள்ள ஓட்டைகளை நாங்கள் கண் என்போம். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண் வரைக்கும் உள்ள நீளத்தை வைத்துத்தான் புது ஷாக் வாங்க வேண்டும்.

"போன மாசம். மாமியோட தையல் டேப்ப வச்சு. பதினாறரை சென்டிமீட்டர். கரெக்டா அளந்தேன்."

கரெக்டாகத்தான் அளந்திருந்தாள். ஆனால் ஷாக் அமுங்கிக் கிடக்கும்போது அளந்திருந்தாள். உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காலிலிருந்து தலை வரை டேப் வைத்து, அதுதான் உயரம் என்று பேண்ட் தைத்த கதை. நிமிர்ந்து நின்றால் அது இருபத்தோரு சென்டிமீட்டர் ஷாக். பதினாறரையிலும் ஷாக் உண்டு என்பதுதான் எங்கள் துரதிர்ஷ்டம். அதைத்தான் நான் கடல் தாண்டித் தூக்கி வந்திருந்தேன்.

டெல்மா முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

புது ஷாக்கை வரவழைக்க நாள் இல்லை. பழையதைப் பிரித்துச் சரி செய்வது ஒன்றுதான் வழி. வெள்ளிக்கிழமை காலை சைக்கிளிலிருந்து அதைக் கழற்றவே போதும் போதுமென்று ஆகிவிட்டது. போல்ட்டுகளில் உப்பு பூத்து வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. ஈப்போவில் எங்களுக்கு எதிரி மழையும் சேறும். சேறு கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் விட்டால் போய்விடும். இங்கே எதிரி காற்றில் வருகிறது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, ஒருவழியாக எடுத்தோம்.

பிலோமினா அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "இதுக்கு என்னதான் கேடு?"

விளக்கினேன். இந்த மாதிரி ஷாக்குக்குள் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான் ஸ்பிரிங். உள்ளே பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று. நடுவில் ஒரு ரப்பர் வளையம் காவல். உப்பு ஏறி அந்த வளையம் தேய்ந்துவிட்டது. பெரிய அறைக் காற்று சின்ன அறைக்குள் புகுந்துகொண்டது. அங்கிருந்து ஷாக்கை உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பி வர மறுக்கிறது. வால்வைத் திறந்தாலும் வராது.

"விருந்தாளியா வந்தவன் வீட்டையே பிடிச்சுக்கிட்டான்," என்றார் அவர்.

அதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. கடையில் இனிமேல் இதையே சொல்லப் போகிறேன்.

ஆபத்து அங்கேதான் இருந்தது. அவ்வளவு அழுத்தத்தில் அடைபட்ட காற்று இருக்கும்போது மூடியைத் திருகிக் கழற்றினால், கடைசிப் புரி விட்டதும் அந்த மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பாயும். கடையில் இதற்கென்று ஒரு பிடிகருவி வைத்திருக்கிறோம். அது ஈப்போவில் இருந்தது. இங்கே ஒன்று செய்தாக வேண்டும்.

டெல்மாவும் நானும் ஆட்டோ பிடித்தோம். முதல் உதிரிபாகக் கடையில் அண்ணாச்சி எங்கள் ஷாக்கைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எந்த வண்டி?"

"சைக்கிள்."

"சைக்கிளா? ஷேர் ஆட்டோவுக்குள்ளது தாரேன், கொண்டு போங்க. பேரன் காலம் வரைக்கும் ஓடும்."

இரண்டாவது கடையில் மொபெட் ஷாக்கை எடுத்து வைத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் ஒன்றும் விற்கவில்லை. அறிவுரை மட்டும் தந்தார்: "காத்தடைக்கிறதெல்லாம் சள்ள புடிச்ச வேல. வெல்டு வச்சிருங்க. ஆடவே ஆடாது." ஷாக் அப்சார்பர் ஆட வேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். டெல்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேத் பட்டறையில் நான் படம் வரைந்து காட்டினேன். இரண்டு தகடு, நடுவில் ஷாக், நான்கு மூலையிலும் நீள போல்ட். மூடி கழன்றாலும் தகடு தடுக்கும். போல்ட்டை மெல்ல மெல்லத் தளர்த்தினால் காற்று மெல்ல மெல்ல வெளியேறும். பட்டறைக்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சாயங்காலம் வாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லிருங்க, நாளைக்கி போலீஸ் வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்லா?"

காத்திருந்த நேரத்தில் முத்து பார்க்கப் போனோம். ஈப்போவில் நான் கிளம்பும்போது தெரிந்தவர்கள் எல்லோரும் முத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். நகைக்கடைப் பெண் ஒரு தட்டு நிறையக் காட்டினாள். "இது இங்க கடல்ல எடுத்ததா?" என்று கேட்டேன். "இல்லக்கா, ஐதராபாத்துல இருந்து வருது," என்றாள், எந்தக் கூச்சமும் இல்லாமல். ஊருக்கு மக்ரூன் வாங்கிப் போவதென்று முடிவு செய்தேன்.

திரும்பும்போது, பட்டறையில் வாங்கிய தகடுகளோடு, இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஆட்டோ சிக்கி நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டார். இரவு, எண்ணெயில் முக்கிப் பொரித்த பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் டயட்டில் இருப்பவள். அதைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றபடியே யோசித்தேன். பிடிகருவி வந்துவிட்டது. தேய்ந்த வளையத்துக்குப் பதில் புது வளையம் எங்கே?

பதில் என் பைக்குள்தான் இருந்தது. நான் கொண்டு வந்த குட்டை ஷாக்கும் இதே கம்பெனி, இதே ரகம். நீளம்தான் வேறு, சுற்றளவு ஒன்று. அதன் வளையங்கள் இதற்குப் பொருந்தும். ஆனால் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

நான் சொன்னதும் டெல்மா பெட்டியைப் பறித்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்ளா. நீ இதத் திருப்பிக் குடுக்கணும். ஏலத்துல போனா போவுது. ஒரு சைக்கிள்தான."

"ஒரு சைக்கிள்தான்னா எதுக்கு என்னை வரச் சொன்ன?"

நான் பெட்டியை வாங்கி அவள் முன்னாலேயே முத்திரையைக் கிழித்தேன். கிழித்த பிறகு ஒரு நிமிடம் முதலாளி முகம் வந்து போனது. புது வளையம் வாங்கிப் போட்டால் அந்தக் குட்டை ஷாக் மறுபடி உயிர்பெறும். யாராவது குட்டையான சைக்கிள்காரர் கிடைக்காமலா போவார்?

சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் அறுவைச் சிகிச்சை. பக்கத்து வீட்டு மாடிகளில் தலைகள் முளைத்தன. பிலோமினா அம்மாவைக் கீழே இருக்கச் சொன்னேன். ஜெபமாலையோடு மேலே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "வெடிச்சா நான் வேண்டாமா?" என்றார். எதற்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தகடுகளுக்கு நடுவே ஷாக்கை வைத்து இறுக்கினேன். பழைய சைக்கிள் டியூபை மூடியில் சுற்றிப் பிடித்துத் திருகினேன். டெல்மா போல்ட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினாள். நர்ஸ் கை, நடுங்கவில்லை. புரி முடியும் இடம் வந்ததும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

புஸ்ஸ்ஸ்.

ஒரு வருடமாக உள்ளே அடைந்து கிடந்த காற்று, கறுத்துப்போன எண்ணெயையும் அள்ளிக்கொண்டு வெளியேறியது. தகடு ஆடியது, ஆனால் பிடித்தது. மூடி அங்கேயே நின்றது. பக்கத்து மாடியில் யாரோ கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், டெல்மா வாயைப் பொத்தியபடி என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடிச் சுவரில் நிச்சயதார்த்த ஃபிளெக்ஸ் விரித்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரின்சியும் மாப்பிள்ளையும் ஆளுயரத்தில் சிரித்தார்கள். ரின்சியின் இடது கன்னத்தில், பெரிய பொட்டளவுக்கு, ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

துடைக்கப் போனேன். "தொடாத! தொட்டா தேச்சு முகம் பூரா ஆயிரும்," என்று ரின்சி படியிலிருந்து அலறினாள். பிலோமினா அம்மா தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எம் மவ நெறத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வேணும்னுதான் நானும் நெனச்சேன்," என்றார். "கோயில்ல சாமியார்ட்ட மட்டும் சொல்லாதீங்க."

அதன் பிறகு வேலை லேசாக ஓடியது. புது ஷாக்கைப் பிரித்து வளையங்களை எடுத்தேன். பழையதைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது வளையங்கள் போட்டு மூடினேன். சைக்கிளில் மாட்டினோம். இனிக் காற்று அடைக்க வேண்டும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடிதான் அடைக்க முடியும்.

"உன் எடை எவ்வளவு?" என்றேன்.

டெல்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஆர்வமாக முன்னால் நகர்ந்தார். டெல்மா என் காதில் சொன்னாள்.

"எவ்வளவாம்?" என்றார் பிலோமினா அம்மா.

"அதெல்லாம் நோயாளி ரகசியம் மாமி."

நான் கொண்டு வந்திருந்த சின்ன பம்பால் காற்று ஏற ஏற, அமிழ்ந்து கிடந்த பின்பக்கம் மெல்ல மெல்ல எழுந்தது. சைக்கிள் எழுந்து நின்றது. டெல்மா ஏறி உட்கார்ந்தாள். ஷாக் கொஞ்சம் அமுங்கி, வேண்டிய இடத்தில் நின்றது. இறங்கினாள், நிமிர்ந்தது. மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். மூன்றாவது முறை அவள் இறங்கியதும் பிலோமினா அம்மா சேலையைச் செருகிக்கொண்டார்.

"தள்ளுளா. நான் பாக்கேன்."

டெல்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் தாங்க, அவர் ஏறி உட்கார்ந்தார். ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை. பிறகு நிறுத்தவில்லை. "தொட்டில் ஆட்டுத கணக்கா இருக்கே!" என்று மேலும் கீழும் ஆடினார். அக்கம்பக்கத்து மாடிகள் இந்த முறை முழுமூச்சாகக் கைதட்டின. இறங்கியதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சரி, ஏலத்துக்கு வேண்டாம். மாடிப்படிக்குக் கீழ நிறுத்திக்கோ. ஹால்ல கூடாது," என்றார்.

ஆனால் சைக்கிள் எழுந்து நின்றால் போதாது. இடுப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நான் பிரித்துப் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். எனக்கு ரின்சியின் சைக்கிள், அவள் பள்ளியில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. முன்னால் கூடை, பின்னால் கேரியர். ஷாக் என்று பார்த்தால் என் முழங்கால்கள்தான். ஊர் எல்லை தாண்டி உப்பளச் சாலையில் திரும்பியதும் பாதை மாறியது. லாரிகள் ஓடி ஓடி மண் அலையலையாக இறுகியிருந்தது, சலவைப் பலகை மாதிரி. என் பற்கள் தாமாகவே பேச ஆரம்பித்தன. கூடை ஒரு பாட்டு, மணி ஒரு பாட்டு.

டெல்மா எனக்கு முன்னால் போனாள். முதலில் மெதுவாக, ஒவ்வொரு மேட்டுக்கும் தோளைக் குறுக்கி, வரப்போகிற வலிக்குக் காத்திருப்பவளைப் போல. நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குக் கீழே பின் சக்கரம் ஏறி ஏறி இறங்கியது, ஷாக் அமுங்கி அமுங்கி எழுந்தது, முதுகு மட்டும் தனியாக மிதந்து போனது. கொஞ்ச தூரத்தில் தோள் இறங்கியது. பிறகு வேகம் கூடியது. "டெல்மா, மெதுவா!" என்றேன். என் குரல் குலுங்கலில் உடைந்து எழுத்து எழுத்தாகப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்து எனக்குச் செயின் கழன்றது.

செயினை மாட்டி, கறுத்த கையோடு அவளைப் பிடித்தபோது அவள் ஓர் உப்புக் குவியலின் அடியில் நின்றிருந்தாள். இரண்டு ஆள் உயரம், ஒரு பக்கம் சரிவாக, வெள்ளை வெளேரென்று. அவள் அதை அண்ணாந்து பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ஈப்போவில் பாதையின் உச்சியில் நின்று அப்படித்தான் பார்ப்பாள், கீழே.

"ஏளா கலா, எங்க ஊர் மல," என்றாள். பெடலில் கால் வைத்துச் சக்கரத்தைச் சரிவை நோக்கித் திருப்பினாள்.

கொட்டகைக்குள்ளிருந்து காவல்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஏ! ஏ! யம்மா! எறங்கு, எறங்கு! அது திங்குத உப்பும்மா!"

டெல்மா சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு மூச்சு வாங்க, பிறகு குனிந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. காவல்காரர் பயந்துபோய், "என்னம்மா, என்ன செய்யுது? இடுப்பா?" என்று கேட்டார்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். பழக்கத்தில் அது அங்கே போயிருந்தது. இடுப்பை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள், வேறு யாருடையதையோ தொட்டுப் பார்ப்பதைப் போல.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்று சொல்லி, கையை எடுத்து ஹேண்டில்பாரில் வைத்தாள்.